வலிக்காத வேஷம்

என் கணவர் வெங்கடரமணன் மயிலாப்பூர் சபா நாடகங்களில் இத்தனை வருஷமும் மாமனார் வேஷம்தான் போட்டார். பஞ்சகச்சத்தோடு வந்து இருமுவார், மாப்பிள்ளையைத் திட்டுவார், உள்ளே போய்விடுவார். இந்த வருஷம்தான் அதிசயமாகக் கதாநாயகன் வேஷம் வந்தது. கதாநாயகனுக்கு அறுபது வயசு என்பதால் வந்தது என்றேன்.

அதே சமயம் என் அண்ணா பெண் மதுவந்திக்கு டாக்டர் படிப்பின் கடைசிப் பரீட்சை. வயிற்றைத் தொட்டுப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கிற பகுதியில் அவளுக்கு உதறல். பழகிப் பார்க்க ஒரு வயிறு வேண்டும் என்றாள். எங்கள் வீட்டில் அதற்கா பஞ்சம்? ஹாலில் பாயை விரித்து இவர் படுத்துக்கொண்டார்.

தொப்புளுக்கும் வலது இடுப்பெலும்புக்கும் நடுவே, எலும்புப் பக்கம் சற்றுத் தள்ளி அமுக்கி வலித்தால் குடல்வால். மேல்வயிற்றின் நடுவே வலித்தால் அல்சராக இருக்கலாம். வலது விலாவுக்குக் கீழே விரலை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னால், பித்தப்பை வீங்கியவருக்கு மூச்சு பாதியில் நின்றுவிடும். அவள் சொல்லச் சொல்ல, இவர் வசனம் மாதிரி நெட்டுருப் போட்டுவிட்டார். ஒரே குறை, அமுக்கும் முன்பே அலறுவார்.

"அத்திம்பேர், நான் இன்னும் கையே வைக்கலை."

"உணர்ச்சி முன்னாடியே வந்துடுத்துடி."

நாடகத்துக்கு முந்தின நாள் நங்கநல்லூரில் ஒரு கல்யாணம். வடையும் நெய் சொட்டும் லட்டுமாக வெளுத்துக் கட்டினார். மறுநாள் காலையில் காபி வேண்டாம் என்றார். கொஞ்ச நேரத்தில் வாந்தி. முகம் வெளிறிவிட்டது. "வெறும் அஜீரணம்" என்று முனகியவரை ஆட்டோவில் போட்டு அடையாற்றில் ஓர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மதுவந்திக்கும் போன் செய்தேன்.

டியூட்டி டாக்டர் அன்புக்கரசி சின்னப் பெண். பொறுமையாக அமுக்கிப் பார்த்தாள்.

"இங்க வலிக்குதா சார்?"

"இல்லையே" என்று இந்த மனுஷன் சிரித்தார்.

"மூச்சை நல்லா இழுங்க."

தோளை மட்டும் தூக்கி இறக்கினார். மூச்சு, பூவை முகர்கிற அளவுக்குத்தான் உள்ளே போயிற்று. எந்த இடத்தில் எப்படி வலிக்க வேண்டும் என்று படித்தவருக்கு எப்படி மறைப்பது என்று தெரியாதா? சாயங்காலம் தி.நகரில் நாடகம். இவரைப் படுக்கவைத்துவிட்டால் வேஷம் மாற்று ஆள் ஸ்ரீனிவாசராகவனுக்குப் போய்விடும். அப்போதே இதெல்லாம் எனக்குப் புரிந்திருந்தால் அங்கேயே இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன்.

"வயிறு நல்லாத்தான் இருக்கு. ரத்தம் மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு வீட்டுக்குப் போலாம்" என்றாள் டாக்டர்.

அப்போதுதான் மதுவந்தி வந்து சேர்ந்தாள். இவர் நெற்றி வியர்வையைப் பார்த்தாள். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு விலாவுக்குக் கீழே விரலை வைத்தாள்.

"அத்திம்பேர், கடைசி சீன் வசனத்தை ஸ்ரீனிவாசராகவன் மாமா ஒரே மூச்சுல சொல்லிடறாராம். உங்களுக்கு ரெண்டு மூச்சு வேண்டியிருக்காமே?"

"எவன் சொன்னான்?"

மேடையில் நிற்கிற மாதிரி நெஞ்சை விரித்து முழு மூச்சை இழுத்தார். அது பாதியில் நின்றது. வாய் திறந்தபடி இருக்க, கண்ணில் நீர் முட்டியது. பாயில் படுத்து அப்படி அலறியவர் நிஜ வலிக்கு ஒரு சத்தமும் போடவில்லை.

ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல்லும் வீக்கமும். ஆபரேஷன் என்று முடிவாயிற்று.

கட்டிலில் படுத்தபடியே ஸ்ரீனிவாசராகவனுக்குப் போனில் வசனம் சொல்லிக்கொடுத்தார். "இத்தனை வருஷத்துல உங்கிட்ட நான் ஒரு" என்றவருக்கு மூச்சு சிக்கிக்கொண்டது. கொஞ்சம் கழித்து, "பொய்யும் சொன்னதில்லை" என்று முடித்தார். அங்கே இடைவெளி விடணுமா என்று அந்தப் பக்கம் கேட்டார் போலிருக்கிறது.

"ஆமாம். உயிரே அங்கதான் இருக்கு" என்றார் இவர், கூசாமல்.

அன்று அந்த இடத்தில் அரங்கமே கைதட்டியதாம். அப்புறம் நாடகக் குழு அந்த வேஷத்தை இவருக்குத் திருப்பித் தரவே இல்லை. தையல் ஆறியதும் ஒரு நாள் இவரும் நானும் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தோம். "ஒரு" என்று ஸ்ரீனிவாசராகவன் நிறுத்தினார். பின்னாலிருந்து கைதட்டல் கிளம்பியது. இவர் கை தானாக விலாவுக்குப் போயிற்று.

"அது என்னோட வலி. கைதட்டல் அவனுக்கா?" என்றார் என் காதருகே.

பாவமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க என் பக்கத்துல உக்காந்துண்டு பொறாமைப்படறேளே, எனக்கு அது போறும்" என்றேன்.