சிவப்புக்குள் ஒரு கோடு

இறுக்கிப் பிடிக்கச் சொன்னால் டேப் அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஊட்டச்சத்து மையத்தில் பிள்ளைகளை அளப்பவள் அவள்தான்; வரிசையில் நிற்கும் அம்மாக்கள் அதைத்தான் கெஞ்சுவார்கள். பிள்ளையின் மேல்கையில் டேப்பைச் சுற்றினால் அது நிறம் காட்டும். பச்சை என்றால் நல்ல சதை, மஞ்சள் என்றால் இளைப்பு, சிவப்பு என்றால் ஆபத்து. முன்பெல்லாம் மஞ்சளுக்கும், பிள்ளை தேறுவதற்குத் தின்னக் கொடுக்கும் கடலைப் பசை பாக்கெட் கிடைத்தது. இந்த வருடம் அரசாங்கம் ஒதுக்கிய பணம் குறைந்துபோனதால், இனி சிவப்புக்கு மட்டும்தான் என்று மேலிடத்தில் முடிவு செய்துவிட்டார்கள். முடிவு செய்த புண்ணியவான்கள் வீட்டில் யாரும் பிள்ளையின் கையை அளந்து பார்க்கும் நிலையில் இல்லை.

"கொஞ்சம் இழுத்துப் பிடிங்கக்கா, சிவப்பு வந்துடும்."

"வரும். என் வேலை போயிடும். அப்புறம் யாருக்கு என்ன கிடைக்கும்?"

தன் கை பொய் சொல்லாத கை என்பதில் அவளுக்குப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அம்மாக்களுக்கு ஆளுக்கொரு டேப் கொடுத்து, வீட்டிலேயே அளக்கக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். பிள்ளை இளைப்பதை முதலில் பார்க்கவேண்டியவள் பெற்றவள்தானே! சிரிக்கவே காசு கேட்கும் மேற்பார்வையாளர்கூட அதற்காக அவளைப் பாராட்டினார்.

ஒன்று மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. அவளுடைய நாத்தனாருக்கு மூன்று பிள்ளைகள். கடைக்குட்டியைச் சுண்டு என்று கூப்பிடுவார்கள். நாத்தனார் தவறாமல் வந்து பாக்கெட் வாங்கிப்போகிறாள், சுண்டு மட்டும் சிவப்பைவிட்டு நகரமாட்டேன் என்கிறாள். பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. டாக்டரிடம் காட்டியாயிற்று. நோய் ஒன்றும் இல்லை என்று அவரும் கையை விரித்துவிட்டார்.

ஒருநாள் மத்தியானம் டேப் அக்கா சொல்லாமல் கொள்ளாமல் நாத்தனார் வீட்டுக்குப் போய் நின்றாள்.

கதவு திறந்துதான் இருந்தது. பெரிய பிள்ளைகள் இரண்டும் சுவரோரமாக உட்கார்ந்து ஆளுக்கொரு பாக்கெட்டைப் பிதுக்கி உறிஞ்சிக்கொண்டிருந்தன. சுண்டு பாயில் கிடந்தாள். நாத்தனார் பக்கத்தில் குந்தி அவள் கையில் டேப்பைச் சுற்றி, வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மையத்தில் கற்றுக்கொடுத்தபடியே, கொஞ்சமும் இறுக்காமல்.

"சுண்டு பாக்கெட்டை இதுங்க ஏன் திங்குதுங்க?"

நாத்தனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவளுக்கும் குடுப்பேன் அண்ணி. மஞ்சளாகாத அளவுக்கு."

டேப் அக்காவுக்கு முதலில் அது மண்டையில் ஏறவே இல்லை. பிறகுதான் புரிந்தது. பெற்றவளே அளந்து அளந்து பட்டினி போட்டிருக்கிறாள்!

"நீயெல்லாம் ஒரு தாயா?"

"மஞ்சளானா பாக்கெட் நின்னுடும். அவருக்கு வேலை போனதுலேருந்து வீட்டுல வேற என்ன இருக்கு சொல்லுங்க? நின்னா மூணும் பட்டினி. இப்ப ஒண்ணுதானே அண்ணி." நாத்தனார் டேப்பை நீட்டிக் காட்டினாள். சிவப்புக்குள் பேனாவால் சின்னதாக ஒரு கோடு. "இதுக்குக் கீழ போனா நானே வயிறு நிறைய ஊட்டிடுவேன். நான் என்ன பேயா?"

அறைய ஓங்கிய கை பாதியில் நின்றது. "இப்ப எவ்வளவு காட்டுது?"

"கோட்டுக்குக் கீழ." நாத்தனாரின் உதடு கோணியது. "காலையிலேருந்து ஊட்டிப் பார்க்கிறேன். வாயத் திறக்கமாட்டேங்கிறா."

டேப் அக்கா சுண்டுவின் பாதத்தைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். செருப்பு வாசலிலேயே கிடந்தது.

ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் விட்டுச் சொட்டுச் சொட்டாகப் பால் இறக்கினார்கள். "இன்னும் கொஞ்சம் தாமதமா வந்திருந்தா..." என்று டாக்டர் இழுத்தார். சுண்டு பிழைத்துக்கொண்டாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நாத்தனார் அழுதபடி கிடந்தாள். டேப் அக்காவுக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சிவப்புக்கு மட்டும் என்றவர்கள் மேலும் ஆத்திரம். டேப்பைத் தூக்கிக் கொடுத்த தன் கை மேல் அதைவிட ஆத்திரம்.

அடுத்து அளக்கும் நாளன்று வரிசையைப் பார்த்துச் சொன்னாள்: "வீட்டு டேப்பையெல்லாம் திருப்பிக் குடுங்க. இனிமே நானே அளந்துக்கிறேன்."

முதல் டேப்பை வாங்கிச் சுருட்டப்போனவள் அப்படியே நின்றுவிட்டாள். சிவப்புக்குள் பேனாக்கோடு. அடுத்ததைப் பிரித்தாள், அதிலும் கோடு. அதற்கடுத்ததில் நகப்பூச்சால் ஒரு புள்ளி. ஒன்றில் கோட்டை அழித்துச் சற்றுக் கீழே இறக்கிப் போட்டிருந்தார்கள். ஏதோ தன் நாத்தனார் ஒருத்திதான் புத்தி கெட்டுப்போனாள் என்று நினைத்திருந்தாளே! நிமிர்ந்து பார்த்தாள். அம்மாக்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து மேஜையில் மேற்பார்வையாளர் உட்கார்ந்திருந்தார். வரிசையில் முதலில் இருந்த பையனின் கையில் டேப் அக்கா டேப்பைச் சுற்றினாள். மஞ்சள். அவன் அம்மா கெஞ்சவில்லை.

டேப் அக்கா இழுத்தாள். பையன் வீறிட்டான். இன்னும் இழுத்தாள்.

"சிவப்பு" என்றாள், மேற்பார்வையாளர் காதில் விழும்படி. "அடுத்த பிள்ளை வா."