நாலு கிலோ வித்தியாசம்

வீட்டு எடை மிஷின் நாற்பத்திரண்டு என்றது. ஆஸ்பத்திரி மிஷின் நாற்பத்தாறு என்றது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு லிஃப்ட்காரன் மூன்று வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

லிஃப்ட் பழுதுபார்ப்பது அவன் தொழில். பாரம் விஷயத்தில் தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று நாலு பேரிடம் பெருமையடிப்பவன். அவனுடைய அக்காவுக்குத் தொடை எலும்பில் புற்றுநோய். கீமோ மருந்தில் கட்டி சுருங்கிவிட்டால் காலை எடுக்க வேண்டாம், கெட்ட எலும்பை மட்டும் மாற்றிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எடை நாற்பத்தைந்துக்குக் கீழே போனால் மருந்தைத் தள்ளிவைப்போம் என்றும் சொல்லியிருந்தார். அதனால் அந்த வீட்டில் ஒவ்வொரு வாய்ச் சாப்பாடும் ஒரு காலின் சங்கதியாகிவிட்டது.

சமையல் பொறுப்பு லிஃப்ட்காரன் தலையில் விழுந்தது. எதைத் தின்றாலும் இரும்பை நக்குகிற மாதிரி இருக்கிறது என்றாள் அக்கா. எவர்சில்வர் ஸ்பூனைத் தூக்கிப்போட்டு பிளாஸ்டிக் ஸ்பூன் வாங்கினான். சூடான சாப்பாட்டின் வாசனைக்கே குமட்டியது, ஆறவைத்துக் கொடுத்தான். வாயெல்லாம் புண், காரம் புளிப்பை நிறுத்தினான். இத்தோடு ஊர் யோசனைகள் வேறு. சர்க்கரையைத் தொடவே கூடாது என்றாள் கீழ்வீட்டுக்காரி. எலும்பு வியாதிக்கு எலும்பு சூப்தான் என்றான் கூட வேலை செய்கிறவன். அந்த மகானுக்கு எலும்பும் தெரியாது, சூப்பும் தெரியாது. ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் அம்மா மட்டும், "எது இறங்குதோ அதக் குடுங்க, கொஞ்சம் கொஞ்சமா" என்றார். எதுவுமே இறங்கவில்லை என்றால் என்ன செய்வது என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

ஒரு வேளைக்கு நாலு ஸ்பூன் தின்கிறவளுக்கு, வாராவாரம் ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் எடை குறையாமல் நாற்பத்தாறிலேயே நின்றது. சந்தோஷப்படுவதா சந்தேகப்படுவதா என்று அவனுக்கு விளங்கவில்லை.

"வீட்டு மிஷின் கெட்டுப்போச்சு. தூக்கிப் போடுடா" என்றாள் அக்கா.

வேலையிடத்தில் லிஃப்டைச் சோதிக்கும் இருபது கிலோ இரும்புக் கட்டியை வீட்டுக்குத் தூக்கிவந்து மிஷினில் வைத்தான். கச்சிதமாக இருபது. அப்படியென்றால் கோளாறு ஆஸ்பத்திரியில்தான் என்று அவனுக்கு ரத்தம் கொதித்தது. அடுத்த மருந்துக்குப் போகும் நாளில் அந்தக் கட்டியையும் பையில் போட்டுக்கொண்டான்.

"என்னடா பையில?"

"வேலைச் சாமான்க்கா."

அக்கா ஊன்றுகோலை வைத்துவிட்டு ஆஸ்பத்திரி மிஷினில் ஏறினாள். நாற்பத்தாறு. அவள் இறங்கியதும் லிஃப்ட்காரன் கட்டியைத் தூக்கி அதன்மேல் வைத்தான். கச்சிதமாக இருபது.

"போதுமா சார்?" என்று நர்ஸ் சிரித்தார்.

"வீட்ல இவங்க நாப்பத்திரண்டுதான் சிஸ்டர். அந்த மிஷினும் சரியாத்தான் காட்டுது. அப்புறம் எப்படி?"

நர்ஸின் சிரிப்பு நின்றது. அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். அக்கா சுவரைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கு வரும்போது மட்டும் அவள் கட்டும் நீளப் பாவாடையின் விளிம்பைக் குனிந்து தடவினார் நர்ஸ். உள்ளே சுற்றிலும் ஈயக் குண்டுகள். அக்காவின் தொழில் திரைச்சீலை தைப்பது. திரை பறக்காமல் தொங்குவதற்கு விளிம்பில் வைத்துத் தைக்கிற அதே குண்டுச் சரம், மூன்று நான்கு வரிசை.

"இந்த எடையப் பாத்துத்தாம்மா மருந்தோட அளவே போடறோம்" என்றார் நர்ஸ்.

லிஃப்ட்காரன் அக்காவின் வாயைப் பார்த்தான். "அதனாலதான் வாயெல்லாம் இவ்ளோ புண்ணா?"

"இருக்கலாம். சரியான அளவு போட்டாலும் புண் வரும். எது எதனாலன்னு இப்ப பிரிச்சுச் சொல்ல முடியாது."

மருந்து ஒரு வாரம் தள்ளிப்போனது. வெளி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்ததும் அக்கா கேட்டாள். "நான் ஒரு வாரம் சும்மா இருந்தா, கால்ல இருக்கற கட்டியும் சும்மா இருக்குமாடா?"

அவன் அக்காவைக் காப்பாற்றினானா, அவள் காலைக் காட்டிக்கொடுத்தானா? யோசிக்க யோசிக்கக் குழம்பியது. வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது.

அவள் கைப்பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்துப் பாவாடை விளிம்பைப் பிரித்தாள். தையல்காரி, பிரிப்பதிலும் ஒரு நூல் பிசகவில்லை. சரங்களை உருவி அவன் மடியில் போட்டாள். "வச்சுக்கோ. பெரிய எடைக்காரன்."

இருபது கிலோவை ஒரு கையால் தூக்குகிறவனுக்கு அந்த நாலு கிலோ கனத்தது. இவ்வளவையும் அக்காவின் உடம்புக்குள் பிளாஸ்டிக் ஸ்பூனால்தான் ஏற்ற வேண்டும். பையிலிருந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்தான். ஆறிப்போன உருளைக்கிழங்கு மசியல். ஒரு ஸ்பூன் எடுத்து நீட்டினான்.

அக்கா கோபத்தோடு வாயில் வாங்கினாள். முகம் சுளித்தது. கண்ணை மூடி விழுங்கினாள்.

"இரும்பு மாதிரி இருக்கு."

"தெரியும்க்கா."

அக்கா ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். பிறகு அவன் மடியில் கிடந்த ஈயத்தைப் பார்த்துக்கொண்டே, "இன்னொண்ணு குடு" என்றாள்.