லீலா கங்காணி

நான் என்ன படிக்கிறேன் என்று எங்கள் தோட்டத்து லய வீடுகளில் விளக்கி விளக்கி எனக்கு வாயே வலித்துப்போனது. முதன்மைப் பாடம் தேயிலைத் தொழில்நுட்பம். அதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். துணைப் பாடம் பால்நிலைக் கற்கை என்றால்தான் முகம் கோணும். ஆண், பெண் என்று பிரித்து வைத்ததால் உலகத்தில் என்னென்ன நடக்கிறது என்று பார்க்கிற படிப்பு. பதுளையில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன், இந்த வகுப்பு சனிக்கிழமைகளில். ஒரு வாரம் பொருளியல் ஆசிரியை வருவார், மறுவாரம் சட்டம் படித்தவர், அப்புறம் டாக்டர், அப்புறம் வரலாறு. ஒரே கேள்வியை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து இழுப்பார்கள். எனக்கு உயிர் அந்த வகுப்பு.

“பொம்பளையப் பத்திப் படிக்க பஸ் ஏறிப் போவணுமா? வீட்டுல ஒங்கம்மா இருக்கா, பாத்துப் படி” என்பார் அப்பா நல்லையா. தம்பி தினேஸ் போனைப் பார்த்துக்கொண்டே சிரிப்பான்.

எங்கள் தேயிலைத் தோட்டம் லுணுகலைக்குப் பக்கத்தில். கொழுந்து பறிப்பது அத்தனையும் பெண்கள். அவர்களை அதட்டி வேலை வாங்கும் கங்காணி மட்டும் எப்போதும் ஆண். இருந்த கங்காணி ஓய்வு பெற்றதும், புதிதாக வந்த உதவி மேலாளர், எங்களுக்குச் சின்ன தொரை, இந்தத் தடவை ஒரு பெண்ணைப் போடலாம் என்று சொல்லி, கொழுந்து பறிக்கும் என் அம்மா லீலாவைக் கூப்பிட்டுக் கேட்டார். திங்கட்கிழமை காலை, ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற பெரட்டில் வைத்து எல்லோருக்கும் சொல்வதாக ஏற்பாடு.

ஒரு வார விடுமுறைக்கு நான் வீட்டுக்கு வந்திருந்தேன். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ரொட்டிக்கு மாவு பிசையும்போதே, “ஏய், அந்தத் தேயில நெரைய விட்டுட்டு எங்க போறீங்க?” என்று அடுப்பை அதட்டிப் பழகினாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. அந்த வேலை அவளுக்குக் கிடைக்க வேண்டுமே என்று நானும் திங்கட்கிழமையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கங்காணி எல்லோருக்கும் முன்னால் பெரட்டுக்குப் போக வேண்டும், அப்படியானால் காலையில் ரொட்டி யார் சுடுவது என்று அப்பா கேட்டார். அம்மா யோசிக்கவே இல்லை, என்னைப் பார்த்தாள். விடுதியை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே படிக்கப் போய் வரட்டுமாம். சனிக்கிழமை வகுப்பு துணைப் பாடம்தானே, அதை விட்டால் என்னவாம். ஒருத்தி வேலையில் ஏறினால் அவள் வீட்டு வேலை இன்னொருத்தி தலையில் இறங்கும் என்று பொருளியல் ஆசிரியை போன வாரம்தான் சொல்லியிருந்தார். அது என் தலையாகவே இருக்கும் என்று அவர் சொல்லவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் குண்டான் மூடி மூலைக்குப் பறந்தது. இருபத்திரண்டு வயதுத் தடியன் பகலெல்லாம் படுத்துக் கிடக்கிறானே, அவனுக்குக் கை இல்லையா என்று கேட்டேன். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். ஞாயிறு முழுக்க நான் சாப்பிடாமல் சண்டை போட்டேன். கடைசியில் தொல்லை பொறுக்காமல் தினேஸ் ஒத்துக்கொண்டான். சாயங்காலம் அவன் சுட்ட கோணல் ரொட்டியை அப்பா ஒன்றும் சொல்லாமல் தின்றார். அம்மாவும் சரி என்றாள். ஜெயித்துவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை தினேஸ் நிஜமாகவே எழுந்துவிட்டான். அப்பாவுக்கும் தோட்டத்தில்தான் வேலை, வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் பெரட்டுக்குப் போய்விட்டார். அம்மா நல்ல சேலை கட்டி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ப் பீலிக்குப் போன லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பிராவில் இருக்கும் கருப்பம்மா, திறந்திருந்த கதவு வழியாக அவன் மாவு பிசைவதைப் பார்த்தாள். லேசாகச் சிரித்தாள், போய்விட்டாள். வேறொன்றும் இல்லை.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

“தள்ளு. எம் புள்ள அடுப்படியில நிக்கிறத ஊரே பாக்கணுமா?”

கையைப் பிடித்து இழுத்தேன். கெஞ்சினேன், கத்தினேன். பெரட்டுச் சங்கு ஊதிவிட்டது. “இந்தா முடிஞ்சிருச்சு, இந்தா முடிஞ்சிருச்சு” என்று ஒவ்வொரு ரொட்டியாகத் திருப்பிப் போட்டாள். கடைசி ரொட்டியையும் சுட்டு, துணி போட்டு மூடி வைத்த பிறகுதான் ஓடினாள். பின்னாலேயே நானும் ஓடினேன்.

பெரட்டு கலைந்துகொண்டிருந்தது. பெண்களுக்கு முன்னால் கங்காணிக் கம்போடு அப்பா நின்றார். லீலா எங்கே என்று சின்ன தொரை கேட்டாராம். முதல் நாளே ஆள் இல்லை. முன்வரிசையில் நின்ற அப்பாவைக் கூப்பிட்டுக் கம்பைக் கொடுத்துவிட்டாராம்.

அப்பா அம்மாவைப் பார்த்துச் சொன்னார். “எங்கிட்ட இருந்தா என்ன, ஒங்கிட்ட இருந்தா என்ன? நம்ம வீட்டுக்குத்தானே வந்திருக்கு.”

அம்மா கூடையை மாட்டிக்கொண்டு மற்றவர்களோடு மலை ஏறினாள். எனக்கு அப்பா மேல் கோபமா, கருப்பம்மா மேலா, அம்மா மேலா என்றே தெரியவில்லை. அன்று சாயங்காலம் மாவு பிசையும்போது அவள் அடுப்பை அதட்டவில்லை.

மறுநாள் இன்னும் இருட்டோடு எழுந்தாள். கங்காணி முன்னால் போக வேண்டும், அதனால் ரொட்டியும் முன்னால் ஆக வேண்டும். சம்பல் அரைக்க என்னை எழுப்பினாள். நான் எழுந்த கையோடு தினேஸின் போர்வையை உருவினேன்.

“எந்திரி. நேத்து நீ பாதியில விட்ட மாவு.”

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து அடுப்பு முன் நின்றான். அம்மா அவனைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். பிறகு போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து, மாவுச் சட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

இதை நேற்றே செய்திருக்கக் கூடாதா அம்மா என்று வாய்வரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சம்பல் அரைக்க உட்கார்ந்தேன்.