மூன்றாம் பதிப்பில் ஓர் எழுத்து

அந்தப் பதிப்பகத்தில் அவளைப் புள்ளியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு மெய்யெழுத்தின் மேல் புள்ளி விட்டுப்போயிருந்தால் அடுத்த அறையிலிருந்தே மோப்பம் பிடித்துவிடுவாள் என்று பக்கம் வடிவமைக்கிறவர் கட்டிவிட்ட கதை, நாளடைவில் பெயராகவே ஒட்டிக்கொண்டது. இருபத்திரண்டு வருடமாக மெய்ப்புத் திருத்துகிறாள். பதிப்பகம் என்றால் மூன்றே அறைகள். முன்னறையில் முதலாளி, நடுவில் இரண்டு கணினிகள், பின்னால் ஜன்னலோரம் இவளுடைய மேஜை. போடுவதெல்லாம் சட்டப் புத்தகங்கள்.

அச்சில் இல்லாமல்போன பழைய சட்ட நூல்களை மறுபடி கொண்டுவர வேண்டும் என்று முதலாளிக்கு ஓர் ஆசை. நான்கு வந்துவிட்டன. ஐந்தாவது, மன்றத்தில் எப்படிப் பேசுவது, மனுவை எந்த மொழியில் எழுதுவது என்று சொல்லும் புத்தகம். கையில் கிடைத்தது மூன்றாம் பதிப்பின் ஒரே ஒரு பிரதி. அதைப் பார்த்துத்தான் புதிதாகத் தட்டச்சு செய்தார்கள்.

முன்னுரைக்கு ஆள் தேடி அலையவில்லை. புள்ளியம்மாவின் அக்கா புருஷன் ஊரறிந்த மூத்த வக்கீல். நீதிமன்றத்தில் அவருக்கு 'நிறுத்தம்' என்று பட்டப்பெயர். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றுவிடுவார். அந்த மௌனம் தாங்காமல் சாட்சி தானாகவே உளறிக் கொட்டுவான். ஒருமுறை நிறுத்தம் நீண்டு நீதிபதியே கொட்டாவி விட்டார் என்று இளைய வக்கீல்கள் சிரிப்பார்கள். இந்தப் புத்தகம்தான் தன்னை ஆளாக்கியது என்று நாற்பது வருடமாக அவர் சொல்லி வந்தார். முன்னுரையிலும் அதையே எழுதினார்: 'படபடவென்று கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்த என்னை, எழுபத்து மூன்றாம் பக்கத்து வரி ஒன்று மாற்றியது. நிறுத்திப் பேசு.' முதலாளிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. அந்த இரண்டு சொற்களையே அட்டையின் பின்பக்கம் கொட்டை எழுத்தில் போட்டு, அட்டையை முன்கூட்டியே அச்சடித்தும் விட்டார்.

புள்ளியம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்து எழுபத்து மூன்றாம் பக்கத்துக்கு வந்தாள். 'நிறுத்திப் பேசு. ஒரு குன்றிமணி கூடினாலும் முள் சாய்ந்துவிடும்.'

பென்சில் நின்றது. பேச்சை நிறுத்தினால் எந்த முள் சாயும்? தராசு இங்கே எதற்கு வந்தது? இன்னொரு முறை படித்தாள். 'நிறுத்துப் பேசு' என்று இருந்தால் எல்லாம் சரியாக உட்காரும். சொல்லை எடைபோட்டுப் பேசு. ஆனால், தன் ஊகத்தை வைத்துப் பிறர் எழுத்தில் கைவைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

மறுநாள் காலை நீதிமன்ற நூலகத்துக்குப் போனாள். அங்கே முதல் இரண்டு பதிப்புகளும் இருந்தன. வெளியே எடுத்துப்போகக் கூடாது, பேனா கூடாது, ஈரக்கை கூடாது என்று நூலகர் மூன்று நிபந்தனை போட்டார். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பிரித்தாள். இரண்டிலும் தெள்ளத்தெளிவாக இருந்தது: நிறுத்துப் பேசு.

திரும்பி வந்து சொன்னதும் முதலாளி நாற்காலியில் சரிந்தார்.

"ஏம்மா, ஆயிரம் அட்டை அச்சாகி அடுக்கி வச்சிருக்கு. இப்ப வந்து சொல்றியே!"

"இன்னிக்குத்தானே சார் பார்த்தேன்."

"அந்த மனுஷன் முன்னுரையே அந்த வரி மேலதான் நிக்குது. இதைச் சொன்னா அவருக்கு எப்படி இருக்கும்? நாப்பது வருஷமா யாரும் கேக்கல. இனிமே யார் கேக்கப்போறா?"

"நான் கேட்டுட்டேனே சார்."

முதலாளி கையை விரித்தார். "உங்க அத்தான். நீயே சொல்லிக்கோ. நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனாள். பஸ்ஸில் நான்கைந்து விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எதுவும் நாக்கில் நிற்கவில்லை. அத்தான் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல், எழுதி வந்திருந்த தாளை அவர் முன் வைத்து விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

அவர் தாளைப் பார்த்தார். பேசவில்லை. சமையலறை வாசலில் நின்ற அக்கா, "இது உங்க வழக்கமான நிறுத்தமா, இல்ல கோவமா? சொல்லிட்டா நான் அடுப்பப் பார்ப்பேன்" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மைத்துனியைப் பார்த்தார். குரல் மன்றத்துக் குரலாகிவிட்டது.

"மூணாம் பதிப்புல எழுதினவரே மாத்தியிருக்கலாம் இல்லையா? முதல்ல ஒண்ணு நினைச்சிருப்பார், பின்னால வேற நினைச்சிருப்பார். அச்சுப்பிழைன்னு நீ எப்படிச் சொல்றே?"

இந்தக் கேள்வியை அவளும் தனக்குள் கேட்டிருந்தாள்.

"மூணாம் பதிப்பு வந்தப்ப அவர் உயிரோட இல்ல அத்தான். அந்தப் பதிப்பு போட்டவங்களே முதல் பக்கத்துல எழுதியிருக்காங்க."

"என்னன்னு?"

"'ஆசிரியர் மறைவுக்குப் பின் வரும் பதிப்பு. ஓர் எழுத்தும் மாற்றப்படவில்லை'ன்னு."

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அத்தான் உதட்டோரம் ஏதோ அசைந்தது. உடனே அடங்கியும் போயிற்று. "முன்னுரையைத் திருப்பிக் குடுத்துடு. வேற யார்கிட்டயாவது வாங்கிக்கோங்க" என்று சொல்லி எழுந்து உள்ளே போய்விட்டார்.

பஸ் நிறுத்தம்வரை அக்கா கூட வந்தாள். "அவருக்கு உன்மேல கோவம் இல்லடி குட்டி. எத்தனை ஜூனியர் பசங்களுக்கு அந்த வரியை எழுதிக் குடுத்திருக்கார் தெரியுமா? வெக்கமா இருக்கும். கொஞ்சம் விடு."

விட்டாள். ஆனால் வேலையில் மனம் ஓடவில்லை. ஓர் எழுத்துக்காக ஒரு மனிதரின் ஆயுளையே திருத்திவிட்டோமோ என்று உறுத்திக்கொண்டே இருந்தது. முதலாளி தினமும் வாசலிலிருந்து, "ஏதாவது சேதி உண்டா?" என்பார். அவள் இல்லை என்று தலையாட்டுவாள்.

எட்டாம் நாள் நீதிமன்ற நூலகர் தொலைபேசியில் கூப்பிட்டார். "உங்க வக்கீல் அத்தான் இங்க வந்து மூணு மணி நேரமா உக்காந்திருக்கார். பேனாவை நான் வாங்கி வச்சுக்கிட்டேன்னு கோவம். நீங்க கொஞ்சம் வரீங்களா?"

அவள் போனபோது அத்தான் இரண்டு பதிப்புகளையும் அருகருகே வைத்து, பூதக்கண்ணாடியுடன் குனிந்திருந்தார். எழுபத்து மூன்றாம் பக்கத்தை மட்டுமல்ல, புத்தகம் முழுவதையும் படித்திருந்தார்.

"உக்காரு" என்றார் மெதுவாக. "இருபத்தஞ்சு வயசுல இந்த ஒரு வரியைப் படிச்சேன். கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். மீதியைச் சரியாப் படிக்கவே இல்ல. அடுத்த வரியில தராசு இருக்கு, எனக்குக் கண்ணுல படல பாரு."

"அதனால நஷ்டம் ஒண்ணும் இல்லையே அத்தான். ஜெயிச்சிருக்கீங்களே."

"ஜெயிச்சேன். நிறுத்தினா யோசிக்க நேரம் கிடைச்சுது; யோசிச்சதால அளந்து பேசினேன். ஆனா பசங்க நிறுத்துறதை மட்டும் கத்துக்கிட்டாங்க. சும்மா மரம் மாதிரி நிக்கிறானுங்க." புத்தகத்தை மூடிவிட்டு, "அவர் எழுதினபடியே போடு. முன்னுரையை நான் மாத்தித் தரேன்" என்றார்.

மாற்றிய முன்னுரை இரண்டு நாளில் வந்தது. பழையதைவிடப் பாதி நீளம். தான் படித்தது அச்சுப்பிழை என்பதையும், அதைக் கண்டுபிடித்தவர் ஒரு மெய்ப்புத் திருத்துபவர் என்பதையும் பூசி மெழுகாமல் எழுதியிருந்தார். 'என் மைத்துனி' என்று முதலில் போட்டு, பிறகு அதை அடித்திருந்தார். உறவு சொன்னால் சாட்சியின் மதிப்புக் குறையும் என்று ஓரத்தில் காரணம் வேறு. அதைப் படித்துவிட்டுப் புள்ளியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அட்டைக்குச் சரியான வரியைச் சிறிய தாளில் அச்சடித்து மேலே ஒட்டினார்கள். முதலாளி முனகிக்கொண்டே பசை தடவினார். அக்காவும் வந்து ஒரு மதியம் முழுக்க ஒட்டிக் கொடுத்தாள்.

புத்தகம் வெளிவந்த மாதம் ஒரு வெளியூர் வாசகரிடமிருந்து கடிதம் வந்தது. முன்னுரையைப் பாராட்டியிருந்தார். கூடவே, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் 'வழக்கு' என்ற சொல்லில் ஒற்று விட்டுப்போய் 'வழகு' என்று இருப்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டியிருந்தார். புள்ளியம்மா பக்கத்தைப் பிரித்துப் பார்த்தாள். இருந்தது. தலையில் லேசாக அடித்துக்கொண்டு, நன்றி சொல்லிப் பதில் எழுத ஒரு தாளை எடுத்தாள்.