தம்பியை வைக்கும் இடம்

கதவு அந்தப் பச்சை குத்துகிறவனின் மணிக்கட்டைப் பிடித்து, மேலே எரிந்த விளக்குக்கு நேராகத் தூக்கினான். ஐந்து விரலும் தந்தியடித்தன. பயந்து நடுங்கும் கைக்கும் குடித்து நடுங்கும் கைக்கும் உள்ள வித்தியாசம் கதவுக்கு அத்துப்படி. ஒரு கிளப்பின் வாசலில் நின்று யாரை உள்ளே விடலாம், யாரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாம் என்று பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. உயரத்துக்கும் அகலத்துக்கும் சேர்த்து அங்கே வைத்த பெயர் கதவு. பெற்றவள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

"காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்திருக்கே. இந்தக் கையாலயா என் தம்பி மூஞ்சியைக் குத்தப் போறே?"

"கொஞ்ச நேரம் போனா நின்னுடும் சார். எனக்கு எப்பவும் அப்படித்தான்," என்றான் பச்சை குத்துகிறவன்.

பொய் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பான். கதவு மணிக்கட்டைத் திருகினான். உள்ளே ஏதோ சொடக்கென்றது. அவன் விழுந்த வேகத்தில் மை பாட்டில்கள் அடுக்கிய தள்ளு மேசையும் சாய்ந்தது. கறுப்பும் சிவப்பும் தரையில் ஓடிக் கலந்தன. கதவு தன் செருப்பில் படாமல் தாண்டி வெளியே வந்து, பக்கத்துத் தெருவில் இன்னொரு கடை இருக்கிறதா என்று விசாரித்தான்.

இருந்தது. சுவர் முழுக்கப் பாம்பும் புலியும். அந்தக் கடைக்காரனுக்குக் கை கல் மாதிரி நின்றது. தம்பியின் போட்டோவை வாங்கி நிதானமாகப் பார்த்தான். கதவுக்கு மனது குளிர்ந்துவிட்டது, இவனையே வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தும் விட்டான். அப்போதுதான் அவன் வாயைத் திறந்தான்.

"முன்பல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கே. அதை நேராக்கி விட்டுடறேன். ஆளு ஹீரோ மாதிரி இருப்பாரு."

தம்பி அந்தப் பல்லுக்காகவே சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வான். பொத்த மறந்த ஒரே போட்டோ அது. கதவின் முஷ்டி கடைக்காரன் வாயில் இறங்கியது. நாற்காலியோடு பின்னால் போனவன் எழுந்து உட்கார்ந்து, உள்ளங்கையில் எதையோ துப்பிப் பார்த்தான்.

"இப்ப உன் பல்லை நேராக்கு, பார்ப்போம்," என்றான் கதவு. வெளியே வந்த பிறகு அவனுக்கே வருத்தமாகத்தான் இருந்தது. நல்ல கை. அநியாயமாகக் கெட்டுப்போயிற்று.

தம்பி போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. வாசலில் தகராறு செய்த ஒல்லியன் ஒருவனைக் கதவு ஒரு நாள் தூக்கி வெளியே போட்டான். விழுந்தவனைப் பார்த்து வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவன் போய் இரும்புக் குழாயோடு திரும்பி வந்தான். அந்த நேரம் பார்த்துத்தானா தம்பி அண்ணனுக்குச் சாப்பாட்டு டப்பாவைக் கொண்டு வரவேண்டும்? குழாய் வந்தது கதவின் நெஞ்சுக்கு. தம்பி குறுக்கே புகுந்தான். அவன் உயரத்துக்கு அது தலை. எத்தனையோ பேர் எதையெதையோ வைத்து அடித்துப் பார்த்த நெஞ்சு கதவுடையது. அந்த ஒரு அடியையும் வாங்கிக்கொண்டு, இரண்டு நாள் இருமிவிட்டு எழுந்திருப்பான். இதை நினைக்கும்போதெல்லாம் கதவுக்கு யாரையாவது அடிக்கத் தோன்றும். எதிரில் இருப்பவர்கள் பாவம்.

ஒல்லியன் இப்போது ஜாமீனில் வெளியே வந்து, ஆள் கண்ணில் படாமல் திரிகிறான். "அவன் மூச்சு விட்டுக்கிட்டிருக்கான்னு நினைச்சா எனக்குச் சோறு இறங்கல பெரியவனே," என்றாள் அம்மா. கொல்லு என்று சொல்லவில்லை. அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? கதவு முடிவு செய்துவிட்டான். நெஞ்சில் தம்பி முகம். ஒல்லியனைப் பிடித்து, சட்டையைத் திறந்து, நன்றாகப் பார்க்க வைத்து, அதன் பிறகு கழுத்து. தம்பி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நடக்க வேண்டும். தம்பி மாதிரி இருக்கும் யாரோ பார்த்தால் போதாது. அதனால்தான் நல்ல கையாகத் தேடி அலைந்தான்.

மூன்றாவது கடை ஒரு பெண்ணுடையது. மருந்து வாசனை அடிக்கும் சின்ன அறை. சுவரில் ஒரு படமும் இல்லை. கேட்டதற்கு ஒரு ஆல்பத்தை எடுத்துக் கொடுத்தாள். அதில் இருந்ததெல்லாம் பழைய பச்சைகள். தொங்கிய தோலில், நரைத்த முடிக்கு நடுவில், வெயிலில் காய்ந்த கையில்.

"குத்தின அன்னைக்கு எல்லாமே அழகாத்தான் இருக்கும். வருஷம் போனப்புறம் எப்படி நிக்குதுன்னு பார்த்துட்டு ஆளைத் தேர்ந்தெடுங்க. என்கிட்டன்னு இல்ல, யார்கிட்ட போனாலும்," என்றாள். பிறகு போட்டோவைக் கண்ணருகே கொண்டுபோய், "இந்தப் பல்லுதான் இவர். இதை விட்டுட்டா வேற யாரோ ஆயிடும்," என்றாள்.

கதவு பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். யாராவது அடித்திருந்தால் தாங்கியிருப்பான்.

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"எதுக்கு?"

"எந்த வேலைன்னு தெரிஞ்சாத்தான் இடம் சொல்ல முடியும். எது உரசும், எது இடிக்கும்னு இருக்கில்ல?" அவள் கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னாள். "அதோட, யாரோ கிளப் வாசல்ல நிக்கற ஆளு ரெண்டு கடையில புகுந்து அடிச்சுப் போட்டிருக்கானாம். ஒருத்தருக்குக் கை, ஒருத்தருக்குப் பல்லு. எங்க ஆளுங்க நடுவுல அதுதான் பேச்சு. அந்த மாதிரி ஆளுக்கு நான் ஊசியைத் தொட மாட்டேன்."

"நான் குடோன்ல கணக்கு எழுதறேங்க."

அவள் அவன் விரல் முட்டியைப் பார்த்தாள். அது இன்னும் வீங்கியிருந்தது. "கணக்கு ரொம்ப முரடோ?"

கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னான். பாதி உண்மைதான்.

"நெஞ்சுல எதுவும் படாதே?"

"படாதுங்க."

வாழ்க்கையில் அவன் சொன்ன பொய்களிலேயே பவ்யமான பொய் அது. வாசலில் நிற்பவன் என்று சொல்லியிருந்தால் முதுகிலோ தோளிலோ குத்தலாம் என்றிருப்பாள், அல்லது வெளியே போகச் சொல்லியிருப்பாள். இரண்டிலும் அவனுக்குச் சம்மதமில்லை. சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தான்.

எலும்பின் மேல் ஊசி ஓடும்போது பல் வரைக்கும் அதிர்ந்தது. இரத்தம் பொடித்தது, அவள் துடைத்தாள், மறுபடி பொடித்தது. கதவு கூரையைப் பார்த்துக்கொண்டு ஒல்லியனின் கழுத்து எந்தப் பக்கம் சுலபமாகத் திரும்பும் என்று யோசித்தான். தோல் ஆற ஆற, பல தடவை வரச் சொன்னாள். போனான். கிளப்பில் உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லிவிட்டு, பசுவைப் போல் சாதுவாகப் போய் வந்தான்.

வீட்டில் அம்மா வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து, அவன் நெஞ்சில் இருந்த அந்த முகத்தைத் துடைத்துவிட்டாள். புதுப் புண்ணில் நீர் கசியும் இடம் மூக்குக்குக் கீழே அமைந்துவிட்டது.

"பாரு, இப்பவும் மூக்கு ஒழுகுது இவனுக்கு," என்றாள். துணியின் நுனியால் அழுத்தாமல் ஒற்றி எடுத்தாள். தம்பி செத்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான். மருந்தைத் தடவிவிட்டு, "தூங்கட்டும், சட்டையைப் போடாதே," என்று மின்விசிறியை அவன் நெஞ்சுப் பக்கம் திருப்பி வைத்தாள். யாரைச் சொன்னாள் என்று கதவு கேட்கவில்லை. அன்றைக்கு அவனும் குப்புறப் படுக்காமல் பார்த்துக்கொண்டான்.

நன்றாக ஆறிய பிறகு வேலைக்குப் போனான். கிளப் திறக்காத சாயங்கால நேரம். பின்பக்கம் வண்டி நிறுத்தும் இடத்தில் காலிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது காலடிச் சத்தம் கேட்டது. கதவு தன்னைத் தேடி வருவான் என்று தெரிந்து, முந்திக்கொள்ள ஒல்லியனே வந்திருந்தான். கையில் கம்பி. கண்ணில் தூக்கமில்லை. கதவுக்குச் சிரிப்பு வந்தது. தேடிப்போகும் வேலையும் மிச்சம்.

"வா," என்று சட்டைப் பொத்தான்களைப் பிய்த்தான். "பாரு. யாருன்னு நல்லாப் பாரு."

ஒல்லியன் பார்த்தான். பல் ஏறிய அந்தச் சிரிப்பு அவனை நேருக்கு நேர் பார்த்தது. ஒல்லியன் முகத்தில் இரத்தம் வற்றி, வாய் கோணிக்கொண்டது. அவன் ஓடுவான் என்று கதவு எதிர்பார்த்தான், காலில் விழுவான் என்றுகூட எதிர்பார்த்தான். ஒல்லியனோ வாய்விட்டுக் கத்திக்கொண்டு கம்பியை ஓங்கினான். கதவின் தலையைக் குறி வைக்கவில்லை, நெஞ்சில் இருந்த அந்த முகத்தையே அடித்தான். அதை இல்லாமல் செய்துவிட்டால் போதும் என்பதுபோல் அடித்தான்.

கதவு குனிந்து பார்த்தான். தம்பியின் புருவத்துக்கு மேலே தோல் பிளந்து, இரத்தம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த அடி வந்தது. இத்தனை வருடப் பழக்கத்தில் இடது கை கம்பியைப் பிடித்திருக்க வேண்டும், வலது கை குரல்வளைக்குப் போயிருக்க வேண்டும். கழுத்து எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கைகள் போகவில்லை. இரண்டும் நெஞ்சுக்கு வந்து அந்த முகத்தை மூடிக்கொண்டன. அவன் திரும்பிக்கொண்டான். யாருக்கும் முதுகைக் காட்டாத கதவு, ஒல்லியனுக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டான்.

கம்பி தோள்பட்டையில் விழுந்தது. விலாவில் விழுந்தது. உள்ளே ஒன்று உடைந்த சத்தம் அவனுக்கே கேட்டது. ஒரு கையை எடுத்தால் போதும், ஒரே ஒரு கை. எடுக்க முடியவில்லை. விரல் இடுக்கில் சூடாக வழிந்தது. தலையைக் கவிழ்த்து, முகவாயை நெஞ்சோடு சேர்த்து, இன்னும் சுருண்டான்.

"ஒண்ணுமில்லடா," என்றான் உள்ளங்கைக்குள். "ஒண்ணுமில்ல. கண்ணை மூடிக்கோ."

மேலே, கம்பி மறுபடி காற்றைக் கிழித்துக்கொண்டு எழும்பியது.