களவெட்டிக்கு வெளியே

“அந்த மண் பையை இஞ்ச தா. இண்டைக்கு நான் பேசுறன்.”

வாசலில் நின்றபடியே உதயரூபன் கையை நீட்டினான். கூட்டத்தில் காட்டத் தன் வயல் மண்ணை அள்ளிய பையை யோகமலர் இடுப்போடு அணைத்துக்கொண்டாள். அவன் அவளுடைய அக்கா குணமணியின் புருஷன். யோகமலரின் புருஷனை வெள்ளம் கொண்டுபோன நாளிலிருந்து அத்தான் சொல்வதுதான் அவளுக்குச் சட்டம் என்று ஊர் தன்பாட்டில் முடிவு கட்டிவிட்டது.

“படிச்சது நான், அத்தான். என்ட வயலில செய்து காட்டினதும் நான்.”

“ஆர் இல்லையெண்டது? ஆனா கூட்டம் களவெட்டியிலயாம், விதானையார் சொல்லிப்போட்டார். பொம்பிளை கால் வைக்கிற இடமா அது? அதிலயும் நீ...”

மீதியை விழுங்கிக்கொண்டான். விழுங்கிய சொல் எதுவென்று அவளுக்கும் தெரியும், அவனுக்குப் பின்னால் நின்ற குணமணிக்கும் தெரியும்.

யோகமலர் பையைக் கொடுத்தாள். கொடுக்காமல் என்ன செய்வது?

கடலோடு சேரும் வாவியின் உப்புத் தண்ணீர் வருஷத்துக்கு வருஷம் வட்டைக்குள், ஊர் வயல்வெளிக்குள், ஏறிக்கொண்டிருந்தது. கோடையில் வயலெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். மண்ணைத் திருத்தக் கற்றுக்கொண்டு வந்து மற்ற வெள்ளாமைக்காரருக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று செங்கலடியில் வகுப்பு வைத்தார்கள். ஆண்கள் முதல் நாள் சோற்றுப் பார்சலை வாங்கியதோடு நின்றுவிட்டார்கள். கடைசிவரை போனவள் யோகமலர் ஒருத்திதான். கற்றதைத் தன் வயலில் செய்தாள். மற்ற வயல்கள் வெளிறிக் கிடக்க அவளுடையது கருகருவென்று நின்றது. இந்த மாரிக்கும் மற்றவர்கள் பழையபடியே விதைத்தால் வட்டையில் பாதி மிஞ்சாது. அதனால்தான் இந்தக் கூட்டம்.

களவெட்டி என்பது வட்டை நடுவே மேடாக்கிய சூடடிக்கும் களம். பெண் மிதித்தால் பொலிவு போய்விடுமாம். சரி, அந்தக் காலத்தில் மாடு விட்டுச் சூடடித்தார்கள், ஏதோ ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள் என்று விடலாம். இப்போது மெசின் வயலுக்குள்ளேயே வெட்டி, அடித்து, மூட்டையும் ஆக்கித் தந்துவிடுகிறது. களவெட்டியில் நெல்லும் இல்லை, மாடும் இல்லை. தீட்டு மட்டும் இருக்கிறது!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் களவெட்டி கிடப்பதே யோகமலரின் சீதனக் காணிக்குள்தான். இந்தப் பக்கத்தில் காணி தாய்வழியாக மகளுக்கு இறங்கும். வட்டையில் முக்கால்வாசி வயல் பெண்களின் பேரில். காணி உறுதிப்பத்திரம் பெண்ணுக்கு, களத்து மேடு ஆணுக்கு. இதை ஒருவரும் விசித்திரம் என்று நினைத்ததில்லை.

கூட்டத்தன்று அவள் எட்ட ஒரு வரம்பில் குடையோடு நின்றாள்; காற்றில் பாதிப் பேச்சுத்தான் காதில் விழுந்தது. களவெட்டியில் மருதமர நிழலில் ஆண்கள் குந்தியிருந்தார்கள். வயல் காரியங்களுக்குத் தலைவரான வட்டை விதானை கதிர்காமத்தம்பி கதிரையில். பக்கத்தில் விவசாயப் போதனாசிரியர்.

உதயரூபன் நன்றாகத்தான் பேசினான், சும்மா சொல்லக்கூடாது. வைக்கோலைக் கொளுத்தாதீர்கள் என்றான். இலை குழையை உழுது மண்ணுக்குள் புதையுங்கள் என்றான்.

“அது கிடக்கட்டும். உப்புக்கு என்ன வழி?” என்று விதானையார் கேட்டார்.

முதல் மழைத் தண்ணீரைத் தேக்கி, உப்பு கரைந்ததும் வாய்க்காலுக்கு வெட்டிவிட வேண்டும். அடுத்த மழைக்கும் அப்படியே. அதற்குப் பிறகுதான் விதைப்பு. இது உதயரூபனுக்கும் தெரியும். போன மாரியில் யோகமலர் வரம்பை வெட்டித் தண்ணீரை விட்டபோது, “விசரி, வந்த சீதேவியைத் துரத்துறா” என்று இதே ஆண்கள் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான்.

அவன் கூட்டத்தை ஒருமுறை பார்த்தான்.

“மழைத் தண்ணியை ஒரு சொட்டும் விடாமக் கட்டி வையுங்க. உப்பு தானா அடங்கும்.”

எல்லாரும் தலையாட்டினார்கள்.

“இல்ல! கட்டப்படாது! வெட்டி விடோணும்!” வரம்பிலிருந்து யோகமலர் கத்தினாள்.

“களவெட்டியைப் பாத்துச் சத்தம் போடாத, புள்ள!” விதானையார் எழுந்தே விட்டார். “மரியாதை தெரியாதா?”

போதனாசிரியர் கைபேசியைக் குனிந்து பார்த்தார். ஊர் வழமைக்குள் தான் தலையிடுவதில்லை என்று பிறகு சொன்னாராம். நல்ல மனுஷன்!

தை பிறந்தபோது பயிர் நுனி கருகி, வேர் அழுகி, ஆள் ஆளாக வயலைக் கைவிட்டார்கள். யோகமலரின் வயல் மட்டும் கதிர்க் குடலை தள்ளி நின்றது. ஊராரின் பாவி மனம் யோசித்ததா? ஒரு தாலியறுத்தவள் களவெட்டியைப் பார்த்துக் கத்தினாள், அந்தத் தோஷம்தான் என்று பேசி முடித்தார்கள். பரிகாரத்துக்குப் பொங்கல் வைத்துத் தேங்காய் உடைத்தார்கள். உடைத்தவன் உதயரூபன்.

அன்று குணமணி தங்கையின் குசினிக்கு வந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

“அவருக்குத் தெரியுமாம்டி. வெட்டி விடச் சொன்னாச் சிரிப்பாங்கள் எண்டு மாத்திச் சொன்னவராம். அம்மா தந்த வயல், இப்பிடி உப்பாப் போச்சே!”

யோகமலர் ஆறுதல் சொல்லாமல் கேட்டாள்.

“வயல் ஆர்ட பேரில, அக்கா?”

“என்ட பேரில.”

“அப்ப நீதானே வெள்ளாமைக்காரி. அடுத்த கூட்டத்துக்கு நீ வா.”

ஆவணி முடிவில், மழைக்கு முன், யோகமலர் வீடு வீடாகப் பின்வாசலால் போய்ப் பெண்களிடம் அதையே கேட்டு, தான் வைக்கும் கூட்டத்துக்குக் கூப்பிட்டாள். சிலர் கதவைச் சாத்தினார்கள். சிலர் அழுதார்கள். வருகிறேன் என்று ஒருத்தியும் சொல்லவில்லை.

குறித்த காலையில் மண்வெட்டியோடு அவள் களவெட்டிமேல் ஏறினாள். செய்தி பறந்தது. ஆண்கள் ஓடிவந்து வரம்பில் நின்றார்கள். அவள் ஏறி மிதித்துவிட்ட மேட்டில் ஏற ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

“இறங்கு, புள்ள! வட்டையே அழிஞ்சிரும்!” என்றார் விதானையார்.

“அழிஞ்சுதானே கிடக்கு, விதானையார். நான் இதில கால் வைக்காமலே அழிஞ்சது. இது என்ட சீதனம்.”

ஓங்கி ஒரு வெட்டு. உள்ளே மண் கன்னங்கரேலென்று இருந்தது. எத்தனை தலைமுறைச் சாணமும் பதரும் அங்கே உக்கிக் கிடந்தன. அவள் ஒரு பிடி அள்ளினாள்.

வரம்பில் நின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு குணமணி வந்தாள். “எங்கடி போறாய்?” என்று உதயரூபன் கையைப் பிடித்தான். அவள் உதறிவிட்டு ஏறினாள். அவளுக்குப் பின்னால் வயல் கருகிய வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் ஏறினார்கள்.

“முதல் மழைத் தண்ணியைத் தேக்கி வெட்டி விடோணும்,” என்று யோகமலர் தொடங்கினாள். பிறகு வரம்புப் பக்கம் திரும்பி, “அங்க நிண்டாக் கேக்காது, அத்தான். போன முறை நான் நிண்டு பாத்த இடம் அது. ஏறி வாங்க,” என்றாள்.

ஆண்களில் ஒருவரும் ஏறவில்லை. காற்று வாவிப்பக்கம் அடித்து அவள் பேச்சைக் கொண்டுபோனது. மழைக்கோ இன்னும் அதிக நாள் இல்லை. கதிர்காமத்தம்பி யாரும் பார்க்கிறார்களா என்று இரு பக்கமும் பார்த்துவிட்டு, காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டார்.