நான்கு நாள் இளையவள்

பாட்மின்டன் போட்டியின் மூன்றாவது ஆட்டத்தில் வெனிங் பத்தொன்பது புள்ளி, எதிரில் ஆடிய நிமாஸ் பதினெட்டு. வெனிங்கின் அம்மா முர்னியாத்தி மடியிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள்.

"அக்கா, அந்த பாட்டில் உங்களை என்ன பண்ணுச்சு?" என்றாள் பக்கத்தில் இருந்த யாத்மி.

யாத்மி நிமாஸின் அம்மா. காலை ஏழு மணிக்கு சாலத்திகா நகர அரங்கத்தின் இந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோதுதான் இருவருக்கும் பழக்கமானது. வறுத்த சோயாக் கட்டியான டெம்பேயைப் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். கடைசியில் தங்கள் பெண்களே மோதிக்கொள்ளப் போகிறார்கள் என்று அப்போது தெரியாது. பதினொரு வயதுக்குட்பட்ட பெண்களில் ஒருத்திக்குத்தான் இடம். ஜெயிக்கிறவள் பாட்மின்டன் கிளப்பின் விடுதிக்குப் போவாள். பயிற்சி, பள்ளிக்கூடம், சாப்பாடு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். தோற்கிறவள் வந்த வழியே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"உங்க பொண்ணு நல்ல உயரம். எந்த மாசம் பொறந்தா?"

"ஜனவரி" என்றாள் முர்னியாத்தி, கோர்ட்டைப் பார்த்தபடி.

"அதான பாத்தேன். என்னுது நவம்பர் கடைசி. ஒரே வருஷம்னுதான் பேரு, பக்கத்துல நின்னா தங்கச்சி மாதிரி இருக்கா. என் மாமியார் இன்னமும் கேக்கறாங்க, இன்னும் ஒரு மாசம் பொறுத்துப் பெத்திருக்கக் கூடாதான்னு."

முர்னியாத்தி சிரிக்க முயன்றாள். பிறந்த வருஷத்தை வைத்துத்தான் பிள்ளைகளைப் பிரிப்பார்கள். ஜனவரி ஒன்றாம் தேதிதான் கோடு; அதற்கு ஒரு நாள் முன்னால் பிறந்தாலும் மேல் பிரிவு.

ஷட்டில் திசை மாறிவிடும் என்று மின்விசிறிகளை நிறுத்தியிருந்தார்கள். எல்லோர் சட்டையும் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. கைப்பிடிக் கம்பியருகே அவள் கணவன் தர்சோனோ நின்றிருந்தான். மகள் ஆடும்போது அவனுக்கு உட்காரத் தெரியாது. சின்னவள் கினாந்தி காலையில் முதல் சுற்றிலேயே தோற்று, அதை அரை மணி நேரத்தில் மறந்துவிட்டு, இப்போது அப்பாவின் பெல்ட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

இருபது, பத்தொன்பது. இன்னும் ஒரு புள்ளி. நிமாஸ் பின்கோட்டுக்குத் தூக்கி அடித்தாள். வெனிங் எட்டி, தன் உயரம் முழுவதையும் பயன்படுத்தி, நெட்டுக்குப் பக்கத்தில் மெல்லத் தட்டிவிட்டாள். நிமாஸ் ஓடிவந்து விழுந்தாள். ராக்கெட் நுனிக்கும் ஷட்டிலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது.

யாத்மி முர்னியாத்தியின் தொடையில் தட்டினாள். "போங்கக்கா, உங்க பொண்ணைக் கட்டிப் பிடிங்க. நான் என்னுதைப் போய்ப் பொறுக்கி எடுத்துட்டு வர்றேன்."

பதிவு மேசையில் இருந்த பெண்ணின் பெயர் புர்வந்தி. விடுதியைக் கவனிப்பவளும் அவள்தான். குடும்ப அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொண்டு, வியர்வை வழிய நின்ற வெனிங்கைப் பார்த்துச் சிரித்தாள்.

"கடைசி அடி யார் சொல்லிக் குடுத்தது?"

"அப்பா."

"அப்பாவுக்கு சம்பளம் குடுக்கணும் போலிருக்கே. சரி, உன் வெத்தோன் என்ன கண்ணு? விடுதிப் பிள்ளைங்களுக்கு அவங்கவங்க வெத்தோன் அன்னைக்கு நான் கஞ்சி வெப்பேன். இல்லேன்னா அம்மா நெனப்பு வந்து அழுதுடறாங்க."

"சனி பஹிங்" என்றாள் வெனிங், கேள்வி முடிவதற்குள்.

முர்னியாத்தி மகளின் தோளைத் தொட்டாள். அதற்குள் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

அவர்கள் நாட்காட்டியில் கிழமை ஏழு; பஹிங், லெகி என்று சந்தை நாள் ஐந்து. பிறந்த நாளில் இரண்டும் எப்படிச் சேர்ந்தனவோ அதுதான் ஒருவருடைய வெத்தோன். முப்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை அந்தச் சேர்க்கை திரும்ப வரும். வரும்போதெல்லாம் முர்னியாத்தி பனைவெல்லம் போட்டு ஒரு கிண்ணம், தேங்காய்ப்பால் விட்டு ஒரு கிண்ணம் என்று சிவப்பும் வெள்ளையுமாகக் கஞ்சி வைத்து, மகள் தலையைத் தொட்டு வேண்டிக்கொள்வாள். பத்து வருஷத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. ஜனவரி இரண்டுதான் தன் பிறந்த நாள் என்று தர்சோனோ மகளை நம்ப வைத்திருந்தான். வெத்தோனை யாராவது கேட்பார்கள் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

புர்வந்தி நோட்டில் எழுதினாள். எழுதிய கை நின்றது. சான்றிதழைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து நாட்காட்டியில் தேடினாள்.

"ஜனவரி ரெண்டு, புதன் லெகி வருதே."

"சின்னப் பொண்ணு, தப்பா சொல்லியிருப்பா" என்றான் தர்சோனோ.

"நான் தப்பா சொல்லல" என்றாள் வெனிங். "போன சனிக்கிழமைதான் அம்மா கஞ்சி வெச்சாங்க."

புர்வந்தி போனில் இன்னும் கொஞ்சம் தேடினாள். தேடித் தேடி எந்தத் தேதியில் போய் நின்றாள் என்பதை அவள் முகமே சொல்லிவிட்டது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"வெனிங், தங்கச்சியைக் கூட்டிட்டுப் போய்த் தண்ணி குடி கண்ணு." பிள்ளைகள் நகர்ந்ததும் ஒரு தாளை எடுத்து, அதில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டினாள். "சந்தேகம்னு வந்தா இதுதான் வழக்கம். சான்றிதழ்ல இருக்கற தேதி சரின்னு பெத்தவங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். போட்டா நான் வேற எதுவும் கேக்கப் போறதில்ல. பாட்மின்டன் சங்கத்துல அப்புறம் யாராவது கேட்டா, பதில் சொல்ல வேண்டியது நீங்க."

தர்சோனோ உட்காரக்கூட இல்லை. ஸ்டாம்பின் குறுக்கே கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மனைவியிடம் நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. "ஒரு நிமிஷம் வெளிய வாங்க."

படிக்கட்டின் கீழே, சாய்த்து வைத்த நெட் கம்பங்களுக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

"நாலு நாள், முர்னி. வெறும் நாலு நாள்."

"எனக்கா கணக்கு சொல்றீங்க? பெத்தவ நான்."

"அன்னைக்கு நீயும்தான சிரிச்ச?"

சிரித்தாள்தான். மருத்துவச்சி வீட்டில் டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி பிறந்த குழந்தையைப் பதிவு செய்யப் போனவன், ஜனவரி இரண்டு என்று எழுதிக்கொண்டு வந்து நின்றான். அவனும் டிசம்பர்ப் பிள்ளை. பதினேழு வயதுவரை தன்னைவிட ஒரு தலை உயரம் கூடுதலான பையன்களிடம் தோற்றுத் தோற்று, ராக்கெட்டைப் பரணில் போட்டவன். 'என் பொண்ணுக்கு அந்த கதி வேண்டாம்' என்றான். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, இப்படியும் ஒரு பைத்தியமா என்று அவள் சிரித்தாள். அப்போது அது அவ்வளவு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

"நிமாஸ் நவம்பர்ப் பொண்ணாம்" என்றாள். "நம்ம பொண்ணைவிட அவளுக்கு பதினோரு மாசம் கம்மி."

"ஊருக்கெல்லாம் நீ அழுவியா? எல்லாரும்தான் செய்யறாங்க." அவன் குரல் இறங்கியது. "நெஜத்தைச் சொல்லு. அவ விடுதிக்குப் போறது உனக்குப் பிடிக்கல. மூணு மாசமா ராத்திரி தூங்காமப் புரண்டுட்டே இருக்க. இப்ப ஒரு சாக்கு கெடச்சிடுச்சு."

அது அவளைச் சரியான இடத்தில் தாக்கியது. வெனிங் ஜெயித்த நொடியில் தனக்கு வந்தது சந்தோஷம் மட்டும் அல்ல என்று அவளுக்குத் தெரியும்.

"ஆமாங்க. அவளை அனுப்ப எனக்கு மனசில்ல. அதனாலதான் பயமா இருக்கு. கையெழுத்துப் போடலேன்னா, நான் என் சுயநலத்துக்குத்தான் செஞ்சேன்னு அவ காலம் பூரா நெனப்பா. நீங்களும் நெனப்பீங்க."

"அப்ப போட்டுடு."

"போட்டா, மாசா மாசம் எந்த நாள்ல கஞ்சி வெக்கறது? அந்தம்மா புதன் லெகிக்கு வெப்பாங்க. இவ அங்க உக்காந்துகிட்டு, என் நாள் இது இல்லன்னு யார்கிட்ட சொல்லுவா? பத்து வயசுல அவளையும் சேர்த்துப் பொய் சொல்ல வெக்கணும்."

மேலே அடுத்த ஆட்டத்தின் ஷூக் கீச்சல்கள் கேட்டன. அவள் படியேறினாள். பின்னால் அவன் வருகிறானா என்று திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

மேசையில் தாள் அப்படியே இருந்தது. அவன் கையெழுத்தின் மை காய்ந்துவிட்டது. அவள் பேசினால் அந்தக் கையெழுத்து பொய் என்று ஆகும். பதிமூன்று வருஷத் தாம்பத்தியத்தில் வெளியார் முன்னால் அவனை விட்டுக்கொடுத்ததில்லை.

"சனி பஹிங்தான்" என்றாள். "டிசம்பர் இருபத்தொம்பது."

புர்வந்தி தலையாட்டினாள். தாளை நான்காக மடித்து, பின்னால் வந்து நின்ற தர்சோனோவிடம் நீட்டினாள். "இதை நீங்களே வெச்சுக்குங்க. நான் பார்க்கல." பிறகு ஒலிபெருக்கியில், விடுதி இடத்துக்கு என்று நிமாஸின் பெயரைக் கூப்பிட்டாள்.

யாத்மி மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். விஷயம் புரிய அவளுக்கு நேரம் பிடித்தது. புரிந்ததும் முர்னியாத்தியைத்தான் பார்த்தாள்.

"ஜனவரின்னு சொன்னீங்க."

"ஆமா. பொய் சொன்னேன்."

யாத்மி மகளின் முடியை ஒதுக்கிவிட்டபடி மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெனிங் அரங்கத்தின் வெளிவாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். ஒலிபெருக்கி அவளுக்கும் கேட்டிருந்தது. அம்மாவைக் கண்டதும் எழுந்தாள். கண் சிவந்திருந்தது, அழுகை வரவில்லை.

"நீதான் ஏதோ சொன்ன. நான் போகக் கூடாதுன்னு. எனக்குத் தெரியும், நீ அத்தைகிட்ட போன்ல சொன்னதை நான் கேட்டேன்."

முர்னியாத்தி அவள் பக்கம் ஒரு படி இறங்கினாள்.

"அம்மா இல்ல" என்றான் தர்சோனோ. மடித்த தாள் இன்னும் அவன் கையிலேயே இருந்தது. "அப்பாதான். நீ பொறந்தது டிசம்பர்ல. நான்தான் ஆபீஸ்ல போய்த் தேதியை மாத்தி எழுதினேன். இன்னைக்கும் பொய்க் கையெழுத்துப் போட்டேன். அம்மா போடல, அவ்வளவுதான்."

"எதுக்கு?"

"நீ ஜெயிக்கணும்னு."

வெனிங் யோசித்தாள். "அப்போ போன வருஷம் மகெலாங்ல ஜெயிச்சது?"

"அதுவும்."

"அதுக்கு முந்தி ஜெயிச்சதெல்லாம்?"

"அதுவும்தான்மா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் முர்னியாத்தி. "அன்னைக்கே தெரியும். அப்ப ஒண்ணும் சொல்லல."

கினாந்தி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு படியின் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"பதிமூணு வயசுப் பிரிவுல எல்லாம் பெரிய பொண்ணுங்க" என்றாள் வெனிங். "முதல் சுத்துலயே தோப்பேன்."

"தோப்ப" என்றான் அப்பா. "கொஞ்ச காலம்."

"எவ்வளவு காலம்?"

"தெரியாதும்மா" என்றான். வெனிங் மறுபடி படியில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். முடிச்சு இறுகியிருந்தது. முர்னியாத்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். மகள் முகம் கொடுக்கவில்லை, ஆனால் விலகி உட்காரவும் இல்லை.

வெனிங் முடிச்சைப் பார்த்தபடியே கேட்டாள். "சாப்பிட ஏதாவது இருக்கா?"

வாழை இலையில் கட்டிய சோற்றுப் பொட்டலங்கள் பையில் இருந்தன. முர்னியாத்தி ஒன்றைப் பிரித்து அவள் மடியில் வைத்தாள், இன்னொன்றைச் சின்னவளுக்குக் கொடுத்தாள். தர்சோனோ இரண்டு படி கீழே நின்றுகொண்டிருந்தான். வந்து உட்காரலாமா கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

முர்னியாத்தி கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.